அமெரிக்க உரிமைத் தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்குபவருக்கு

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைப் படிக்க வருபவர் கையில் எல்லோரும் முதலில் திணிப்பது 1803ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மேடிசன் வழக்கை. புதியவருக்கு அது வேண்டாம். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றிய சட்டம் அரசமைப்புக்கு முரணாக இருந்தால் நீதிமன்றம் அதைச் செல்லாது எனத் தள்ளலாம் என்பதை அந்த வழக்கு நிலைநாட்டியது. இப்போதைக்கு இந்த ஒரு வரி போதும். நியமன ஆணை கைக்கு வராத ஒருவரின் வழக்கில், ரிட் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு உண்டு என்ற சிக்கலில் இறங்கினால், பேச்சுரிமைப் பக்கம் வந்து சேரவே ஒரு மாதமாகிவிடும்.

நீங்கள் எட்ட வேண்டிய இடம் வேறு. பெயர்பெற்ற ஒரு தீர்ப்பை எடுத்து, அது யாரைக் கட்டுப்படுத்துகிறது, சரியாக எதைச் சொன்னது, இன்றும் உயிரோடு இருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் நீங்களே விடை காண வேண்டும். அதற்கான வரிசை இது.

மூலத்தைப் படியுங்கள், 1868இல் நில்லுங்கள்

1791இல் நடைமுறைக்கு வந்த முதல் பத்துத் திருத்தங்களைத்தான் உரிமைச் சாசனம் என்கிறார்கள். மொத்தமும் ஐந்நூறு சொற்களுக்குள் அடங்கும். ஒரே மூச்சில் படித்துவிடலாம். படிக்கும்போது, பேச்சுரிமை இருக்கும் முதல் திருத்தத்தின் எழுவாயைக் கவனியுங்கள். காங்கிரஸ் சட்டம் இயற்றக் கூடாது என்றுதான் அது தொடங்குகிறது. மாநில அரசும் நகராட்சியும் உள்ளூர்ப் போலீசும் அந்த வரியில் இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பால்டிமோரில் ஒருவருக்குச் சொந்தமான படகுத்துறை இருந்தது. நகராட்சி ஓடைகளைத் திருப்பிவிட்டதில் மண் அடித்துவந்து துறை தூர்ந்துபோய், கப்பல் அணைய முடியாமல் ஆனது. தனியார் சொத்தை எடுத்தால் இழப்பீடு தர வேண்டும் என்கிற ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி அவர் வழக்காடினார். 1833இல் பாரன் எதிர் பால்டிமோர் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கொடுத்த விடை: அந்தத் திருத்தம் ஃபெடரல் (மத்திய) அரசுக்குப் போட்ட கடிவாளம், மாநிலங்களுக்குப் போட்டதல்ல. துறைக்காரர் தோற்றார்.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த பதினான்காம் திருத்தம்தான் இந்த நிலையைப் புரட்டியது. அதன் முதல் பிரிவை மட்டும் நான்கு துண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர் குடிமகன், குடிமக்களின் சிறப்புரிமைகளை மாநிலம் குறைக்கக் கூடாது, உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் மாநிலம் பறிக்கக் கூடாது, எவருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது. கடைசி இரண்டிலும் இருக்கும் சொல் 'குடிமகன்' அல்ல, 'எவரும்'. குடியுரிமை இல்லாதவர்களின் வழக்குகள் பல இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கின்றன.

இரண்டாம் துண்டை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். நியூ ஆர்லியன்ஸ் கசாப்புக்காரர்கள் தொடுத்த ஸ்லாட்டர்ஹவுஸ் வழக்குகளில், 1873இல், நீதிமன்றம் அதை ஏறக்குறைய வெற்று வாசகமாக்கிவிட்டது. அதனால்தான் பேச்சுரிமை முதல் ஆயுத உரிமை வரை எல்லாமே மூன்றாம் துண்டான 'உரிய சட்ட நடைமுறை' வழியாக மாநிலங்களின் மேல் ஏறின. 'நடைமுறை' என்ற சொல் இவ்வளவு பாரத்தைச் சுமப்பது விந்தைதான். வரலாறு வேறு வழியை அடைத்துவிட்டது.

இனி ஒரு நோட்டில் மூன்று பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள்: உரிமை, அது இருக்கும் திருத்தம், அதை மாநிலங்களுக்கு நீட்டிய வழக்கு. பேச்சுக்கு கிட்லோ (1925). பத்திரிகைக்கு நியர் (1931). சட்டத்தை மீறிச் சோதனையிட்டு எடுத்த சான்றை விசாரணையில் ஏற்காமல் விலக்குவதற்கு மேப் (1961). வக்கீலுக்கு கிடியன் (1963). தனக்கெதிராகவே சாட்சி சொல்லாமலிருக்க மலாய் (1964). குற்ற வழக்கில் ஜூரிக்கு டங்கன் (1968). ஆயுதம் வைத்திருக்க மெக்டொனால்ட் (2010). அளவுமீறிய அபராதத்துக்கு எதிராக டிம்ஸ் (2019). ஜூரியின் முடிவு ஒருமனதாக இருக்க ரேமோஸ் (2020). கிராண்ட் ஜூரிக்கு (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) நேரே வெற்றிடம் விடுங்கள்; 1884இன் ஹர்ட்டாடோ வழக்கில் மறுக்கப்பட்டது இன்னும் மறுக்கப்பட்டே இருக்கிறது. ஆண்டுகளைப் பார்த்தாலே தெரியும், ஒரே நாளில் நடந்த வேலையல்ல இது.

அட்டவணை எழுதும்போதே ஒரு பாடமும் கிடைக்கும். கிட்லோ வழக்கில் பேச்சுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆனால் கிட்லோவின் தண்டனையை அப்படியே உறுதி செய்தது. உரிமை ஜெயித்து மனுதாரர் தோற்பது இங்கே அபூர்வமல்ல.

செய்தது யார்?

ஒரு நிறுவனம் தன் ஊழியரை அவர் இணையத்தில் எழுதியதற்காக வேலையை விட்டு நீக்குகிறது. உடனே பேச்சுரிமை போயிற்று என்று குரல் எழும். முதல் திருத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அரசமைப்பு உரிமைகள் அநேகமாக எல்லாமே அரசுக்கு எதிரானவை. எந்த வழக்கைத் தொட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, தீங்கு செய்தது அரசா தனியாரா என்பது. அரசுப் பள்ளி, சிறை, காவல்துறை, நகராட்சி எல்லாம் அரசு. தனியார் பல்கலைக்கழகமும் கடையும் முதலாளியும் அல்ல.

இந்தக் கோட்டை அழுத்தமாகப் போட்டது 1883இன் சிவில் உரிமை வழக்குகள். விடுதி, நாடகக் கொட்டகை, ரயில் போன்ற இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடைசெய்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை, பதினான்காம் திருத்தம் மாநிலங்களை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று சொல்லி நீதிமன்றம் வீழ்த்தியது. நீதிபதி ஹார்லன் மட்டும் மாறுபட்டார்.

அதனால், இப்படி ஒதுக்குவதை மீண்டும் தடைசெய்த 1964இன் சிவில் உரிமைச் சட்டத்தை எழுதியவர்கள், மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தை முறைப்படுத்தக் காங்கிரசுக்கு உள்ள அதிகாரத்தை முக்கியத் தூணாக நிறுத்தினார்கள். அட்லான்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போனது. அதன் விருந்தினர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வெளிமாநிலத்தவர். அது போதும் என்று அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. மனித மாண்பு பற்றிய சட்டம் அறை வாடகைக் கணக்கில் நின்று ஜெயித்தது ஏன் என்று குழம்புபவர்கள், 1883ஐப் படிக்காமல் 1964ஐப் படிப்பவர்கள்.

ஆகவே வேலையிடத்திலும் கடையிலும் நடப்பதற்கு விடை பெரும்பாலும் சட்டத்தில் இருக்கும், அரசமைப்பில் இருக்காது. சட்டத்தைக் காங்கிரஸ் மாற்றலாம். அரசமைப்புத் தீர்ப்பைச் சாதாரணச் சட்டத்தால் மாற்ற முடியாது.

அரசு என்றாலும் எந்த அரசு என்று பாருங்கள். பிரவுன் எதிர் கல்வி வாரியம் வழக்கில் 1954 மே 17 அன்று நான்கு மாநிலங்களில் நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிக்கும் முறை வீழ்ந்தது, சமமான பாதுகாப்பு என்ற வாசகத்தால். தலைநகர் வாஷிங்டன் மாநிலமல்ல. பதினான்காம் திருத்தம் அங்கே செல்லாது. அதே நாளில் போலிங் எதிர் ஷார்ப் என்ற தனித் தீர்ப்பு, ஐந்தாம் திருத்தத்தைக் கொண்டு அந்த வேலையை முடித்தது.

மேற்கோள் எண்

'கிடியன் எதிர் வெய்ன்ரைட், 372 யு.எஸ். 335 (1963)' என்றால் அதிகாரபூர்வத் தொகுப்பின் 372ஆம் தொகுதி, 335ஆம் பக்கம், தீர்ப்பான ஆண்டு 1963. நடுவில் 'யு.எஸ்.' இருந்தால் மட்டுமே அது உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பு. 'எஃப்.3டி' போன்றவை கீழே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்களுடையவை; அவை அந்த வட்டாரத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். அண்மைத் தீர்ப்புகளில் பக்க எண்ணுக்குப் பதில் கோடு மட்டும் இருக்கும். தொகுதி இன்னும் அச்சேறவில்லை என்று பொருள். பிழை என்று நினைத்து எதையும் இட்டு நிரப்பாதீர்கள்.

முதலில் வரும் பெயர் வழக்கமாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவருடையது. கீழே முதலில் வழக்குப் போட்டவர் அவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது பெயர் பல நேரங்களில் வெறும் பதவி. வெய்ன்ரைட் ஃபுளோரிடா சிறைத்துறைத் தலைவர். வழக்கு வந்தபோது பதவியில் இருந்தவர் காக்ரன்; அவர் விலகியதும் வழக்கின் பெயரே மாறிவிட்டது.

மனுவை ஏற்க மறுப்பதைத் தீர்ப்பு என்று நினைப்பது இன்னொரு வழக்கமான தடுமாற்றம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வரும் மனுக்களில் சில பத்து மட்டுமே விசாரணைக்கு எடுக்கப்படுகின்றன. அதற்கு ஒன்பதில் நான்கு பேரின் சம்மதம் வேண்டும். மறுத்தால் கீழ்த் தீர்ப்பு சரி என்றாகாது. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தீர்ப்புக்குள் நுழையும் வழி

தொடக்கத்தில் இருக்கும் சுருக்கம் நீதிபதிகள் எழுதியதல்ல. தீர்ப்புத் தொகுப்பாளர் தயாரிப்பது. வழிகாட்டும் வரைபடமாக வைத்துக்கொள்ளலாம், மேற்கோள் காட்டக் கூடாது. பிறகு பெரும்பான்மைத் தீர்ப்பைப் படித்து ஐந்து வரி எழுதுங்கள்: நடந்தது, கேள்வி, விடை, காரணம், எல்லை. கடைசி வரிதான் கடினம். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

கிடியனை வைத்துப் பழகலாம். ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருட முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் ஏர்ல் கிடியனிடம் பணமில்லை. வக்கீல் கேட்டார், மறுத்தார்கள். தானே வாதாடித் தோற்று, சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதினார். கேள்வி: கடுங்குற்ற வழக்கில் ஏழைக்கு வக்கீல் தருவது மாநிலத்தின் கடமையா? விடை: ஆம், ஒன்பது பேரும் ஒருமித்து. காரணம்: வக்கீல் இல்லாமல் நியாயமான விசாரணை இல்லை. எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். 1942இல் பெட்ஸ் எதிர் பிரேடி வழக்கில் இதே கேள்விக்கு எதிர்விடை வந்தபோது மாறுபட்டு எழுதியவரும் அவரே. இருபத்தோரு ஆண்டுகளில் அவருடைய மாறுபட்ட தீர்ப்பு நாட்டின் சட்டமானது. மாறுபட்ட தீர்ப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி எல்லை. சிறு குற்றங்களைப் பற்றி கிடியன் எதுவும் சொல்லவில்லை. 1972இல் ஆர்ஜர்சிங்கர் வழக்கு சிறைத்தண்டனை கிடைக்கும் சிறு குற்றங்களுக்கும் அதை நீட்டியது. 1979இல் ஸ்காட் எதிர் இல்லினாய், உண்மையில் சிறையில் அடைத்தால்தான் என்று கோடு கிழித்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு கிடியனுக்குள் வராது. நாடுகடத்தல் விசாரணையும் குற்ற வழக்கல்ல, சிவில் வகை. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு செலவில் அல்ல என்று சட்டமே சொல்கிறது. கிடியன் இருக்கிறதே என்று குடிவரவு நீதிமன்றத்துக்கு வெறுங்கையோடு போவது ஆபத்தான தப்பெண்ணம்.

மிராண்டா எதிர் அரிசோனா (1966) இதைவிட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மௌனமாக இருக்கலாம், வக்கீல் கேட்கலாம் என்ற எச்சரிக்கையைச் சொல்லாவிட்டால் வழக்கே தள்ளுபடி என்று திரைப்படங்கள் பழக்கிவிட்டன. எச்சரிக்கை தேவைப்படுவது இரண்டு நிலைகள் சேரும்போது: காவலில் இருக்க வேண்டும், விசாரிக்கப்பட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் வாதத்துக்கான சான்றாக வைக்க முடியாது. மற்ற சான்றுகள் நிற்கும். எர்னெஸ்டோ மிராண்டாவே மறுவிசாரணையில் மீண்டும் குற்றவாளியானார். மௌனமாக இருந்தாலே உரிமையைக் கோரியதாகாது என்று 2010இல் பெர்கியஸ் எதிர் தாம்ப்கின்ஸ் சொல்லிவிட்டது. 'நான் பேச விரும்பவில்லை' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

தலைகளை எண்ணுங்கள்

இந்தியாவைப்போல இருவர் மூவர் அமர்வு அங்கில்லை. பொதுவாக ஒன்பது பேரும் சேர்ந்தே கேட்கிறார்கள். அதனால் ஐந்து என்பது மந்திர எண். ஐந்து பேர் ஒரே காரணத்தில் சேர்ந்தால்தான் அந்தக் காரணம் கட்டுப்படுத்தும். முடிவில் ஐந்து பேர் சேர்ந்து காரணத்தில் பிரிந்தால், அந்த முடிவை ஆதரித்தவர்களின் காரணங்களில் மிகக் குறுகியதையே நீதிமன்றத்தின் நிலைப்பாடாகக் கொள்ள வேண்டும் என்று 1977இல் மார்க்ஸ் வழக்கில் சொல்லப்பட்டது. இந்த விதியைப் பயன்படுத்துவதில் வல்லுநர்களே தடுமாறுகிறார்கள். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளலாமா என்ற 1978இன் பாக்கி வழக்கில் நீதிபதி பவல் தனியாக எழுதியதே பல்கலைக்கழகச் சேர்க்கையை நெடுங்காலம் நடத்தியது.

உயிரோடு இருக்கிறதா?

தீர்ப்போ சட்டமோ மூன்று விதமாகச் சாகும். நேரடியாக ரத்தாவது முதல் விதம். கருக்கலைப்பு உரிமையை ஏற்ற ரோ எதிர் வேட் (1973), அதன் சாரத்தைக் காத்த கேசி (1992) இரண்டையும் 2022இல் டாப்ஸ் ஒரே அடியில் நீக்கியது. 2022க்கு முந்தைய பாடப்புத்தகம் கையில் இருந்தால் அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட வேண்டாம், ஆண்டைப் பெரிதாக எழுதிவையுங்கள்.

இரண்டாவது, பெயர் இருக்கும், உள்ளே அரித்திருக்கும். மேப் ரத்தாகவில்லை, ஆனால் தேடுதல் வாரண்டை நல்லெண்ணத்தோடு நம்பிச் செயல்பட்ட போலீஸ் எடுத்த சான்று செல்லும் என்று 1984இல் லியான் வழக்கு விலக்குத் திறந்தது. தீர்ப்பை மட்டும் தேடினால் இது கண்ணில் படாது.

மூன்றாவது, சட்டங்களுக்கு நேர்வது. 1965இன் வாக்குரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, சில பகுதிகள் தேர்தல் விதியை மாற்றுமுன் ஃபெடரல் அனுமதி பெற வேண்டும் என்றது. எந்தப் பகுதிகள் என்ற சூத்திரம் நான்காம் பிரிவில். 2013இல் ஷெல்பி கவுன்டி வழக்கு சூத்திரத்தை மட்டும் வீழ்த்தியது. ஐந்தாம் பிரிவு ஏட்டில் அப்படியே இருக்கிறது, வேலை செய்வதில்லை.

சரிபார்க்கக் காசு தேவையில்லை. கூகுள் ஸ்காலரில் தீர்ப்பைத் திறந்து அதை எடுத்தாண்ட வழக்குகளின் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்கக் காங்கிரசின் விளக்கவுரை கொண்ட அரசமைப்புப் பதிப்பு இணையத்தில் இலவசம்; ரத்தான தீர்ப்புகளின் அட்டவணையும் அதில் உண்டு.

பயிற்சிக்கு ஒரு வழக்கு

தமிழ் வாசகர் சொந்தமாக முயல்வதற்கு ஏற்றது ஹோல்டர் எதிர் ஹியூமானிடேரியன் லா ப்ராஜெக்ட், 561 யு.எஸ். 1 (2010). வழக்காடியவர்களில் அமெரிக்காவின் பல தமிழ்ச் சங்கங்களும் இருந்தன.

1996ஆம் ஆண்டுச் சட்டம், அயல்நாட்டுப் பயங்கரவாத அமைப்பு என அறிவிக்கப்பட்டவற்றுக்குப் 'பொருளுதவி' செய்வதைக் குற்றமாக்கியது. பயிற்சி, நிபுணர் ஆலோசனை, சேவை ஆகியவையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். 1997 அக்டோபரில் வந்த முதல் பட்டியலில் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியும் விடுதலைப் புலிகளும் இருந்தனர். ஆயுதத்துக்கல்ல, அமைதி வழிக்கு மட்டுமே உதவ விரும்புகிறோம், அதுவும் குற்றமா என்று, இவற்றுக்கு உதவ நினைத்தவர்கள் 1998இல் வழக்குப் போட்டார்கள்.

செய்தது யார்? காங்கிரஸ், எனவே முதல் திருத்தம் நேரடியாகப் பொருந்தும், பதினான்காம் திருத்தம் தேவையில்லை. கேள்வி இரண்டு: சட்டத்தின் சொற்கள் புரியாத அளவு தெளிவற்றவையா, பேச்சுரிமையை மீறுகின்றனவா. செய்திகள் 6-3 என்று எழுதின. உள்ளே போனால், தெளிவின்மை இல்லை என்பதில் மாறுபட்ட மூவரும் உடன்படுகிறார்கள்; பிளவு இரண்டாம் கேள்வியில் மட்டும். தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் காரணம்: அமைதிக்கான உதவியும் அமைப்பின் மற்ற வளங்களை விடுவித்து ஆயுதத்துக்குத் திருப்பும், அதற்கு மரியாதையும் தேடித்தரும். பிரையர், கின்ஸ்பர்க், சோட்டோமேயர் மூவரும் மாறுபட்டு, வன்முறையை வளர்க்கும் என்று தெரிந்தோ அந்த நோக்கத்தோடோ உதவினால்தான் குற்றமாக வேண்டும் என்றார்கள்.

எல்லையைத் தேடுங்கள், அங்கேதான் பயன் இருக்கிறது. ஒருவர் தானாக, அமைப்பின் கட்டளையோ ஒருங்கிணைப்போ இல்லாமல் எழுதுவதையும் பேசுவதையும் சட்டம் தொடவில்லை என்று பெரும்பான்மையே சொல்கிறது. உள்நாட்டு அமைப்புகளுக்கு இதே தடையை விரிக்கலாம் என்று தாங்கள் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறது. 2009இல் புலிகள் தோற்றுவிட்டதால், சுனாமி நிவாரணம் கோரவும் அமைதிப் பேச்சுக்கும் உதவ விரும்பிய பகுதிகளுக்கு இனிப் பொருளில்லை என ஒதுக்கப்பட்டது. பிறகு சட்டத்தை உயிர்ச் சோதனை செய்யுங்கள்: தீர்ப்பில் காணும் உச்சத் தண்டனை 15 ஆண்டு, 2015இல் காங்கிரஸ் அதை 20 ஆக்கியது. தீர்ப்பின் உரையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுபவர் அந்த எண்ணில் சறுக்குவார்.